சூல்முட்டை வெளியேறும் நாளைக் கணித்தல்

சூல்முட்டை வெளியேறும் நாளைக் கணித்தல் என்பது மாதவிடாய்ச் சுழற்சியில் சூலகத்திலிருந்து (சினைப்பை) முட்டை வெளியேறும் நாளை அறிய உதவும் வழிமுறைகளைக் குறிக்கும். குழந்தைப்பேறு வேண்டும் இணையர், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களை அறிய இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

அடிப்படை

குருதிப்போக்கு தொடங்கும் நாளே சுழற்சியின் முதல் நாளாகும். வயது வந்த பெண்களில் ஒரு சுழற்சி பொதுவாக 21 முதல் 35 நாட்கள் வரை நீடிக்கும். வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரமே கருக்கட்டும் நிலையில் இருக்கும். விந்தணுக்களோ பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிர்வாழக்கூடியன. எனவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களிடம் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் மேற்கொண்டு 1995 இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது.

நாட்கணக்கு

முட்டை 14 ஆம் நாளில் வெளியேறும் என்பது பரவலான கருத்து. இது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையான பிற்பகுதி ஓரளவு நிலையானது. நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பகுதியே. ஆகவே 35 நாள் சுழற்சி உடையவருக்கு முட்டை ஏறத்தாழ 21 ஆம் நாளில் வெளியேறும். அவர் 14 ஆம் நாளை மட்டும் நம்பினால் மாதந்தோறும் வாய்ப்பைத் தவறவிடுவார்.

பின்னோக்கி எண்ணும் இம்முறையை 1924 இல் சப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ வெளியிட்டார். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் முட்டை வெளியேறும் என்பது அவரது முடிவு. ஆசுத்திரியாவின் எர்மன் கினாசும் தனியே இதையொத்த முடிவுக்கு வந்தார். கருத்தரிக்க உதவுவதே ஓகினோவின் நோக்கம். கருத்தடைக்கு இது நம்பகமற்றது என அவர் எதிர்த்தார். ஆயினும் உலகம் அவர் பெயரைக் கருத்தடை முறையாகவே அறிந்துகொண்டது.

கடந்த மாதங்களின் தேதிகளை மட்டும் கொண்டு கணிக்கும் கைப்பேசிச் செயலிகளும் அடிப்படையில் இதே கணக்கையே செய்கின்றன. சுழற்சி ஒழுங்கற்றதாயின் சராசரி எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டாலும் பயனில்லை.

உடல் வெப்பநிலை

முட்டை வெளியேறிய பின் மஞ்சட்சடலம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பநிலையை ஏறக்குறைய 0.2 முதல் 0.5 பாகை செல்சியசு உயர்த்துகிறது. காலையில் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன் அளக்க வேண்டும். காய்ச்சல், உறக்கமின்மை, இரவுப்பணி ஆகியன அளவீட்டைக் குழப்பும். இதன் பெருங்குறை, உயர்வு தெரியும்போது முட்டை ஏற்கனவே வெளியேறியிருக்கும் என்பதே. எனினும் சில மாதப் பதிவுகள், முட்டை வெளியேறுகிறதா என்பதை மருத்துவர் ஊகிக்க உதவும்.

கருப்பைக் கழுத்துச் சளி

முட்டை வெளியேறுமுன் ஈசுட்ரோசன் மிகுவதால் இச்சளி முட்டையின் வெள்ளைக்கரு போல் தெளிவாகவும் வழுவழுப்பாகவும் மாறுகிறது. செலவற்ற, முன்கூட்டியே தெரியும் அடையாளம் இது. ஆசுத்திரேலியாவின் பில்லிங்சு தம்பதியர் இதனை ஒரு முறையாக வகுத்தனர்.

சிறுநீர்ச் சோதனை

மருந்தகங்களில் கிடைக்கும் பட்டைகள் சிறுநீரில் லூட்டினைசிங் இயக்குநீரின் திடீர் உயர்வைக் காட்டுகின்றன. அவ்வுயர்வு தொடங்கிய ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உடையவர்களில் இவ்வியக்குநீர் இயல்பாகவே மிகுந்திருக்கலாம் என்பதால், பட்டை தவறாக நேர்மறை முடிவு காட்டக்கூடும்.

வரம்புகள்

நாளை அறிவதால் கருக்குழாய் அடைப்போ விந்தணுக் குறைபாடோ வெளிப்படாது. 35 வயதுக்குட்பட்ட பெண் 12 மாதங்கள் முயன்றும், 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர் 6 மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிடில் மருத்துவரை நாடவேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றோ வராமலோ இருந்தால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சோதனை இருவருக்கும் உரியது. விந்துச் சோதனை எளியது, உடலை வருத்தாதது; ஆனாலும் பல குடும்பங்களில் பெண்ணே எல்லாச் சோதனைகளுக்கும் உட்பட்டபின் கடைசியாகத்தான் அது செய்யப்படுகிறது. கணிப்பே மனவுளைச்சலாக மாறும் இணையர், நாட்களை எண்ணாமல் 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை உறவு கொண்டாலும் போதுமானது.