கம்பி சுற்றிய குழாய்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். நருட்டோ முடித்தாயிற்றாம், டீமன் ஸ்லேயரும் முடித்தாயிற்றாம். கையில் நெருப்பு, வாளில் மின்னல் எல்லாம் அலுத்துவிட்டது. மனிதர்கள் மனிதர்களாகவே மோதிக்கொள்ளும் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஏதாவது சொல்லுங்கள், கதை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஃபைட் நிறைய இருக்க வேண்டும் என்கிறார். சொல்கிறேன். அந்தக் கடைசி நிபந்தனையோடு மட்டும் எனக்குக் கொஞ்சம் தகராறு இருக்கிறது.

வலமிருந்து இடமாகப் படிப்பது, வாரம் ஒரு அத்தியாயம் வருவது இதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் யோசித்திருக்க மாட்டார் என்று நான் நினைப்பது வேறு. தாளில் எதுவும் அசைவதில்லை. நிஜத்தில் ஒரு குத்து கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் எப்படி அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நம் தாடை இறுகுகிறது?

கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது புரியும். சிவப்புக் காயைக் குறிவைத்து ஒருவன் ஸ்டிரைக்கருக்குப் பின்னால் விரலை மடக்கி வைத்திருக்கும்போது சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து நாம் பார்ப்பது காய்கள் சிதறியதை. நடுவில் விரல் சுண்டியதை யாரும் பார்த்ததில்லை. சண்டை மாங்கா வரைபவர் அந்த முன்னையும் பின்னையும் வரைகிறார். நடுவிலுள்ளதை நம் தலைக்குள் நாமே வரைந்துகொள்கிறோம்.

மொரிகாவா ஜோஜியின் 'ஹாஜிமே நோ இப்போ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் 'ஷோனென் மேகசின்' வார இதழில் தொடங்கி, 140 தொகுதிகளைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மீன்பிடி படகு வாடகைக்கு விடும் வீட்டுப் பையன், பள்ளியில் அடி வாங்குகிறவன், குத்துச்சண்டைக்கு வருகிறான். அதில் ஒரு குத்து பெரும்பாலும் இப்படி வரும்: ஒடுக்கமான கட்டமொன்றில் குதிகால் தரையை விட்டு எழும்பும். அடுத்ததில் இடுப்பு திரும்பும். அதற்கடுத்து எதிராளியின் கண் மட்டும். பக்கத்தைப் புரட்டினால் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு கோணிப்போன ஒரு முகம், தெறிக்கும் வியர்வை, நாலாபக்கமும் இருந்து முஷ்டியை நோக்கி ஓடும் நூற்றுக்கணக்கான கோடுகள். அந்தக் கோடுகளைக் கையால் போடுகிற உதவியாளர்கள் ஸ்கேலை வைத்து, நிப்பை அழுத்தித் தொடங்கி, இழுக்க இழுக்க அழுத்தத்தைக் குறைப்பார்கள். கோடு வெளியே தடித்து, மையத்தை நெருங்கும்போது முடியிழையாய் மெலியும். அந்த மெலிவுதான் கண்ணை உள்ளே இழுக்கிறது. ஒரே தடிமனில் போட்டால் ஜன்னல் கம்பி மாதிரி சும்மா நிற்கும்.

அதோடு இந்தக் கதையில் சண்டை நுட்பம் நிஜமானது. படுத்த எட்டின் வடிவில் உடலை ஆட்டி, ஆட்டத்தின் வேகத்திலேயே இடமும் வலமுமாகக் குத்தும் 'டெம்ப்ஸி ரோல்' நாயகனின் ஆயுதம். 1919இல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜாக் டெம்ப்ஸியின் பெயரில் வந்தது. ஆட்டம் சீராக இருப்பதால் அடுத்து எந்தப் பக்கம் வருவான் என்று எதிராளி கணித்துவிடலாம் என்ற பலவீனத்தையும் கதையே எடுத்துப் பேசுகிறது. மொரிகாவா சொந்தமாக பாக்ஸிங் ஜிம் நடத்துகிறவர்.

என் மனம் போய் நிற்பது இதற்கும் முந்தைய ஒன்றில். அதே இதழில் 1968 முதல் 1973 வரை வந்த 'அஷிதா நோ ஜோ'. எழுதியவர் கஜிவாரா இக்கி, அப்போது வேறொரு புனைபெயரில். வரைந்தவர் சிபா தெத்சுயா. டோக்கியோவின் தினக்கூலிகள் தங்கும் பகுதியில் திரியும் அநாதைப் பையன் ஜோ சிறுவர் சிறைக்குப் போகிறான். வெளியிலிருக்கும் ஒற்றைக்கண் பயிற்சியாளர் தாங்கே தன்பேய் அவனுக்குத் தபால் அட்டையில் குத்துச்சண்டைப் பாடம் அனுப்புகிறார். முதல் பாடம் ஜாப். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எப்படி அடிப்பது என்று ஒரு கார்டில் அடங்கிவிடுகிற விஷயம். அதை வைத்து ஜோ ராப்பகலாகக் காற்றைக் குத்துவான்.

சிறையில்தான் ரிகிஷி தோரு வருகிறான். ஏற்கெனவே தொழில்முறை வீரன். சிபா அவனை ஜோவைவிட நல்ல உயரமாக, அகன்ற தோளோடு வரைந்துவிட்டார். இவன்தான் நாயகனின் நிரந்தரப் போட்டியாளன் ஆகப்போகிறான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. பிறகுதான் சிக்கல். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு உண்டு. ஜோ பேன்டம் வெயிட், அதாவது 53.5 கிலோவுக்குள். ரிகிஷி அதற்குப் பல படி மேலே. வேறு யாராக இருந்தாலும் அடுத்த வாரமே ஓசைப்படாமல் ரிகிஷியைச் சின்னதாக வரைந்திருப்பார்கள், வாசகர்களும் மறந்திருப்பார்கள். இவர்கள் அந்த உயர வித்தியாசத்தையே கதையாக்கினார்கள். ஜோவோடு மோத ரிகிஷி எடையைக் குறைக்கட்டும்.

அந்த அத்தியாயங்களில் ஒரு குத்துகூட இல்லை. நிலவறையில் சூடேற்றி வியர்க்கிறான். கன்னம் ஒட்டி, கண் குழிந்துகொண்டே போகிறது. வாரந்தோறும் வாங்கிப் படித்தவர்கள் அவன் கரைவதை வாரந்தோறும் பார்த்திருக்கிறார்கள். ஓர் இரவு தாகம் பொறுக்காமல் கதவை உடைத்துக்கொண்டு குழாயைத் தேடி ஓடுகிறான். எல்லாக் குழாய்களும் திறக்க முடியாதபடி கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருக்கின்றன. அவனை ஆதரிக்கும் பணக்காரப் பெண் யோகோ பொறுக்கமாட்டாமல் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறான். நன்றி சொல்கிறான். தரையில் ஊற்றிவிடுகிறான்.

போட்டியில் ரிகிஷி ஜெயிக்கிறான். ஜெயித்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறான். 1970 மார்ச் 24 அன்று, தாளில் மட்டும் வாழ்ந்த இந்த மனிதனுக்கு டோக்கியோவில் கோதான்ஷா பதிப்பக அரங்கில் நிஜமாகவே இறுதிச் சடங்கு நடந்தது. கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷூஜி முன்னின்று நடத்தினார். அரங்கில் குத்துச்சண்டை மேடை போட்டார்கள், பிக்கு வந்து மந்திரம் ஓதினார். சுமார் 700 பேர் வந்தார்கள்.

இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் 50 கிலோ மல்யுத்த இறுதிப்போட்டியன்று காலை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். இரவெல்லாம் ஓடி, வியர்த்து, தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். கடைசி ஓரிரு நாளில் இப்படிக் குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு அத்தனை சீக்கிரம் போகாது. தண்ணீர் போனால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும், உடல் சூட்டைத் தணிக்க முடியாமல் திணறும். தலையில் அடி வாங்கப் போகிற விளையாட்டில் இது இரட்டை ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 2015இல் மணிலாவில் நடக்கவிருந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் மேடையேறும் முன்பே இறந்துபோனார். ஆனாலும் நம் ஊர் ஜிம்களில் பையன்கள் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவதை வீரமாகத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். ரிகிஷியை ரசித்துவிட்டு அவன் செய்ததைச் செய்துபார்ப்பது, கதையைப் பாதியில் மூடிவைத்ததற்குச் சமம்.

ஃபைட் மட்டும் போதும் என்பவரோடு என் தகராறு இதுதான். அந்தக் கம்பி சுற்றிய குழாயைத் தாண்டிக் குதித்துப் போட்டிக்கு வருபவருக்கு, ரிகிஷி ஜோவை வீழ்த்தும் கடைசி அப்பர்கட் வெறும் மையாகத்தான் தெரியும். ஃபோனில் திருட்டு ஸ்கேனில் படிப்பதிலும் இதே நஷ்டம். இரண்டு பக்கமாக விரிய வேண்டிய படத்தை நடுவில் அறுத்து, மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே போனால், பக்கம் புரட்டும் அந்த ஒரு நொடித் தாமதமே இல்லாமல் போகிறது. 'அஷிதா நோ ஜோ' ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து சமீபத்தில்தான் ஆங்கிலத்தில் அச்சாகத் தொடங்கியது. நாலு பேர் சேர்ந்தாவது ஒரு தொகுதி வாங்கிப் படியுங்கள்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உராசாவா நாவோகியின் 'யவாரா!' (1986–1993) ஜூடோ பற்றியது. தாத்தா ஒலிம்பிக் தங்கம் கேட்கிறார், பேத்தி சாதாரணப் பெண்ணாக இருக்கவே ஆசைப்படுகிறாள். நிஜ வாழ்வில் ஜூடோ வீராங்கனை தமுரா ரியோகோவுக்கு ஜப்பானே 'யவாரா சான்' என்று இந்தக் கதையின் பெயரைச் சூட்டியது. அவர் 2000இலும் 2004இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இதாகாகி கெய்சுகேயின் 'பாகி' முழுக்க மிகை. வரைந்தவர் ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தவர், குத்துச்சண்டை பழகியவர். ஆனால் நாயகன் மனித அளவுள்ள ஒரு கும்பிடுபூச்சியைக் கற்பனை செய்துகொண்டு அதோடு சண்டை போட்டு ரத்தம் சிந்துவான். சிரித்துக்கொண்டே படிக்கலாம், தப்பில்லை.

இனோவே தகேஹிகோவின் 'வாகபாண்ட்' வாள்வீரன் மியாமோட்டோ முசாஷியின் கதை, 1998இல் தொடங்கியது. இதில் அவனுடைய போட்டியாளன் கோஜிரோவைக் காது கேளாதவனாக ஆக்கிவிட்டார் இனோவே. அவன் பகுதியிலிருந்து பேனாவை விட்டுவிட்டுப் பெரும்பாலும் தூரிகையால் வரைந்தார். வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாக வாள் மட்டும் பேசும். பிற்பகுதியில் முசாஷி பஞ்சத்தில் வாடும் கிராமமொன்றில் தங்கி, கட்டாந்தரையைக் கொத்தி நெல் விளைவிக்கப் பார்க்கிறான். ஃபைட் கேட்கும் வாசகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கும் இடம் அது. என்னைக் கேட்டால் முழுத் தொடரிலும் உடம்பை அவ்வளவு கவனமாக வரைந்த பக்கங்கள் வேறில்லை. 'வாகபாண்ட்'டைக் கடைசியில் படியுங்கள். 37 தொகுதியோடு 2015இல் நின்ற தொடர் இன்னும் முடியவில்லை; கோஜிரோவும் முசாஷியும் கடற்கரையில் மோதும் அந்தப் புகழ்பெற்ற சண்டையை இனோவே இதுவரை வரையவே இல்லை.