கடல் கடந்து வரும் குரல்கள்

பாட்டு என்றவுடன் எமது நினைவுக்கு வருபவை சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, தாலாட்டு, செத்த வீட்டு ஒப்பாரி. இவற்றுக்கு அப்பால் உலகத்தில் எத்தனையோ மக்கள் எத்தனையோ விதமாகப் பாடுகிறார்கள். அவற்றைக் கேட்பது படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் உரிய விடயம் என்றே எம்மிற் பலர் நினைக்கிறோம். "எங்களுக்கு எதற்கு இதெல்லாம்? விளங்கவா போகுது?" என்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் இழப்பையும் பிரிவையும் கண்ட பெண்களுக்கு அப்பாட்டுக்களிற் பல மிகவும் நெருக்கமானவை. அவை எம்மைப் போன்ற பெண்களின் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை.

பிற நாட்டு இசை எமக்குப் புதிதல்ல

வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. அது ஐரோப்பாவிலிருந்து வந்து எமது இசையோடு சேர்ந்து சுமார் 200 வருடங்களே ஆகின்றன. இசை நாடகங்களுக்குப் பக்கவாத்தியமான ஆர்மோனியமும் அங்கிருந்து வந்ததுதான். பஸ் பயணங்களில் எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாடும் பைலா, போர்த்துக்கேயரும் அவர்கள் காலத்தில் வந்த ஆபிரிக்கரும் இத்தீவில் விட்டுச் சென்ற ஆட்டபாட்டங்களிலிருந்து வளர்ந்தது. கேட்கக் கேட்க இவையெல்லாம் எங்களுடையவை ஆகிவிட்டன.

1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். கேட்கும் ஆசை எவ்வளவு வலிமையானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

காது எப்படிப் பழகும்?

அறியாத இசை முதன்முறை கேட்கும்போது வெறும் சத்தமாகத் தோன்றுவது இயல்பு. தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குள் போவதே நல்ல வழி. அதற்கு எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் பொருத்தமானவர்.

கிராமத்துப் பள்ளிவாசல் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், தகப்பன் தமையனுக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டே பாடக் கற்றுக்கொண்டார். பெண்பிள்ளை சபையில் பாடுவதை ஊர் ஏற்காது என்று தகப்பன் அவருக்கு ஆண்பிள்ளையின் உடுப்பை அணிவித்தே பாட வைத்தார். பிற்காலத்தில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவரது கச்சேரி வானொலியில் ஒலிபரப்பானது. அரபு நாடுகள் எங்கும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள். 1975 இல் அவர் இறந்தபோது கெய்ரோ நகர வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

அவரது ஒரு பாட்டு ஒரு மணித்தியாலம் வரை நீளும். பொறுமை இழக்க வேண்டாம். ஒரே வரியை அவர் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகப் பாடுவதைக் கவனியுங்கள். எமது வித்துவான்கள் நிரவல் பாடும்போது செய்வதும் இதைத்தானே? அந்த ஒற்றுமை பிடிபட்டவுடன் அந்த இசை அந்நியமாக இருக்காது.

பிரிவைப் பாடிய தீவுப் பெண்

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் கேப் வேர்ட் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. வரட்சியும் பஞ்சமும் அங்குள்ள மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடக்க வைத்தன. பிரிந்தவரையும் ஊரையும் நினைத்து ஏங்கும் ஏக்கத்தை அவர்கள் 'சொடாடே' என்பார்கள். அந்த ஏக்கத்தைச் சுமந்து மெதுவாக நகரும் பாட்டு வகை 'மோர்னா'. 2019 இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

மோர்னாவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் செசாரியா எவோரா. 1941 இல் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனை இழந்து, சில காலம் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். இளவயதில் துறைமுக நகர மதுச்சாலைகளில் பாடினார். பின்னர் சுமார் பத்து வருடங்கள் பாடுவதையே நிறுத்தியிருந்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பதளவில். 2004 இல் கிராமி விருதும் கிடைத்தது. வெறுங்காலுடன் மேடையேறியே பாடி வந்த அவர் 2011 இல் மறைந்தார். வெளிநாடு போன பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் எமது தாய்மாருக்கு இந்தக் குரலை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்ப முடியாதவர்

தென்னாபிரிக்காவின் மிரியம் மக்கேபா பிறந்து சில நாட்களிலேயே தாயுடன் சிறையிலிருந்தார். சட்டம் தடுத்த பியரை வீட்டில் வடித்து விற்றார் என்பது தாய் மீதான குற்றம். பாடகியாக வெளிநாடு சென்றிருந்த மக்கேபாவுக்கு, 1960 இல் தாய் இறந்தபோது செத்த வீட்டுக்கும் வர முடியவில்லை. நிறவெறி அரசு அவரது கடவுச்சீட்டை இரத்துச் செய்திருந்தது. 1963 இல் அவர் ஐக்கிய நாடுகள் சபையில் அந்த அரசுக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். முப்பது வருடங்களின் பின், 1990 இல்தான் தாய்மண்ணை மிதித்தார்.

அவர் ஷோசா மொழியில் பாடும்போது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் இடையிடையே வரும். அது வித்தைக்காகச் செய்வதல்ல. அம்மொழியின் மெய்யெழுத்துக்களே அவை. எமது 'ழ' பிறருக்கு எப்படியோ, அப்படித்தான்.

தனித்து ஆடிய பெண்கள்

தென்னமெரிக்க நாடான சிலியில் 'குவேக்கா' என்ற நடனம் உண்டு. ஆணும் பெண்ணும் சோடியாக, கையிற் கைக்குட்டையை அசைத்தபடி ஆடுவது. 1973 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அங்கு பலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1978 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, தலைநகர் சந்தியாகோவின் அரங்கொன்றில் அவர்களின் உறவினரான பெண்கள் குவேக்காவைத் தனித்து ஆடினார்கள். சோடி நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யாரும் எதுவும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எமது மண்ணிலும் புகைப்படங்களை ஏந்தியபடி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு அந்த வெற்றிடம் என்னவென்று தெரியும்.

எப்படித் தொடங்கலாம்?

இதற்குப் பணமோ ஆங்கிலமோ தேவையில்லை. கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் பாடகியின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டைத் தேடித் தரச் சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு அந்த ஒரு பாட்டே போதும். முதல் நாள் குரலை மட்டும் கேளுங்கள். அடுத்த நாள் வாத்தியங்களைக் கவனியுங்கள். பிறகு தாளத்தைத் தொடையில் தட்டிப் பாருங்கள். பாடியவர் யார், எந்தச் சூழலில் வாழ்ந்தார் என்று கேட்டறியுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு பாட்டைக் கொண்டுவந்து எல்லோருமாகக் கேட்கலாம்.

ஒரு விடயத்தை மறந்துவிடக் கூடாது. சில பாட்டுக்கள் ஆறாத காயத்தைக் கிளறக் கூடும். அப்படியானால் உடனே நிறுத்தி, மனதுக்கு இதமானதைக் கேளுங்கள். துள்ளலும் சிரிப்புமாகப் பாடும் பாட்டுக்களும் உலகில் ஏராளம்.

"புருசனைப் பறிகொடுத்தவள் பாட்டுக் கேட்கிறாளாம்" என்று அயலில் யாராவது சொல்லவும் கூடும். பிள்ளைகளுக்காக, வயிற்றுப்பாட்டுக்காக நாள் முழுவதும் ஓடும் பெண்ணுக்குத் தனக்கென்று அரை மணித்தியாலம் வேண்டும். அந்த நேரத்தில் எதைக் கேட்பது, எதை விரும்புவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். துயரத்தின் நடுவிலும் ஒன்றை விரும்பக் கற்றுக்கொள்வது இறந்தவரை மறப்பதாகாது. இருப்பவர் உயிரோடு இருப்பதன் அடையாளம் அது.