முட்டை விற்கக் கற்றுக்கொடுத்த மார்த்தாண்டம்

கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. மாடு வளர்க்கச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால் முட்டையையும் பாலையும் தேனையும் நல்ல விலைக்கு விற்பது எப்படி? அதைச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்வியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட ஊர் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதுதான் மார்த்தாண்டம்.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். இதன் பழைய பெயர் தொடுவெட்டி. சந்தைக்குப் பேர்போன ஊர். இன்று இது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதிதான் இந்தப் பகுதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது.

சேலத்துக்காரரும் அமெரிக்கரும்

சேலத்தில் 1876-ம் ஆண்டு பிறந்தவர் கே.டி.பால். ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துக்கு இந்தியரில் முதல் தேசியப் பொதுச் செயலாளர் இவரே. பட்டணத்து வாலிபர்களோடு சங்கத்தின் வேலை நின்றுவிடக் கூடாது, கிராமத்துக்கும் போக வேண்டும் என்பது இவருடைய எண்ணம்.

அந்த எண்ணத்தை மார்த்தாண்டத்தில் செய்து காட்டியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1920-களில் இங்கே கிராம சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார்.

தன் கையே தனக்கு உதவி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஹாட்சின் கொள்கையும் அதுதான். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து யோசனை சொல்லலாம். வேலையைக் குடியானவரே செய்ய வேண்டும். இனாமாகக் கொடுத்தால், கொடுப்பவர் போனதும் வேலையும் போய்விடும்.

பத்தில் இரண்டு கெட்டால்?

அந்த நாளில் வீட்டுக்கு வீடு நாலைந்து கோழி இருக்கும். அவை இடும் முட்டைகளை வீட்டுப் பெண்கள் சேர்த்து வைப்பார்கள். வியாபாரி வந்து வாங்கிப் போவார். அவர் சொன்னதுதான் விலை.

வியாபாரி ஏன் விலையைக் குறைக்கிறார்? பேராசை மட்டும் காரணம் அல்ல. பத்து முட்டையில் இரண்டு கெட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு என்று அவருக்குத் தெரியாது. ஆகவே பத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்து விடுகிறார். நல்ல முட்டை வைத்திருப்பவரும் கெட்ட முட்டையின் நஷ்டத்தைச் சுமக்கிறார்.

இதற்கு மார்த்தாண்டம் நிலையம் கண்ட வழி, முட்டை விற்பதற்கென்றே ஒரு சங்கம். உறுப்பினர்கள் முட்டைகளைக் கொண்டு வருவார்கள். அங்கே ஒவ்வொரு முட்டையும் சோதிக்கப்படும். பெரியது, சிறியது என்று தரம் பிரிக்கப்படும். நல்ல முட்டை மட்டுமே விற்பனைக்குப் போகும்.

முட்டையை உடைக்காமல் சோதிப்பது எப்படி? இருட்டான இடத்தில் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். முட்டையின் தடித்த முனையில் ஒரு சிறு காற்றறை தெரியும். காற்றறை சிறியதாக இருந்தால் முட்டை புதிது. நாள் ஆக ஆகக் காற்றறை பெரிதாகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கோழி முட்டையிடச் சேவல் தேவை இல்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைக்குள், நம் ஊர் வெயிலில், கரு வளரத் தொடங்கிவிடும். முட்டை சீக்கிரம் கெட்டுப் போகும். ஆகவே விற்பனைக்கு முட்டை வேண்டும் என்றால் சேவலைத் தனியே பிரித்துவிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. முட்டையோ அதிக நாள் தாங்கும். தூரத்துப் பட்டணத்துக்கும் அனுப்பலாம்.

பிழிந்த தேனும் சுற்றி எடுத்த தேனும்

முட்டையைப் போலவே தேனுக்கும் நல்ல காலம் பிறந்தது. முன்பெல்லாம் காட்டில் கூட்டைக் கலைத்து, அடையைக் கையால் பிழிவார்கள். தேனோடு மெழுகும் தேனீப் புழுவும் கலந்துவிடும். தேன் சீக்கிரம் புளித்துப் போகும்.

மார்த்தாண்டத்தில் தேனீயைப் பெட்டியில் வளர்த்தார்கள். பெட்டிக்குள் மரச் சட்டங்கள் இருக்கும். தேனீ அவற்றில் அடை கட்டும். தேன் நிறைந்ததும் சட்டத்தை ஒரு யந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். தேன் மட்டும் வெளியே தெறிக்கும். அடை உடையாது. அதைத் திரும்பப் பெட்டியிலேயே வைக்கலாம். தேனீ மறுபடியும் அதில் தேன் நிரப்பும். “மார்த்தாண்டம் பெட்டி” என்று ஒருவகைத் தேன் பெட்டிக்கே பெயர் வந்துவிட்டது.

வாத்தியார்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ஒரு நிலையம் எத்தனை கிராமத்துக்குப் போக முடியும்? ஆகவே, கிராமத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கே அங்கே பயிற்சி கொடுத்தார்கள். வெளி மாகாணங்களில் இருந்தும் சமஸ்தானங்களில் இருந்தும் ஊழியர்கள் வந்தார்கள்.

கோழியைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவர், கோழிக் கூண்டைத் தாமே கட்டிப் பழக வேண்டும். தேன் பெட்டியைத் தாமே திறந்து பார்க்க வேண்டும். இதுதான் அந்தப் பயிற்சியின் போக்கு. பரோடா சமஸ்தானமும் இந்த முறையை விரும்பியது. 1932-ல் அங்கே கோசம்பா என்ற ஊரில் இதே போன்ற நிலையம் ஏற்பட்டது. அதே ஆண்டில், மார்த்தாண்டம் அனுபவங்களை ஹாட்ச் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார்.

ஊழியருக்கு விற்பனையும் தெரிந்திருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அவசியம் தெரிந்திருக்க வேண்டும். அவர் பேச்சைக் கேட்டு ஓர் ஊரில் நூறு வீடுகள் கோழி வளர்க்கின்றன என்று வையுங்கள். சந்தையில் முட்டை குவியும். விலை விழும். கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர், “சார் சொன்னாரே என்று செய்தேன்” என்பார். அடுத்த முறை அந்த ஊழியர் நல்ல யோசனையே சொன்னாலும் ஊரில் எவரும் கேட்கமாட்டார்கள்.

பெட்டிகள் காலியான காலம்

பிறகு குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அது தேனீக்கும் நல்லதாயிற்று. ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும்போது, இலைக் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அதைத் தேனீ உறிஞ்சும். ஆண்டின் தொடக்க மாதங்களில் தேன் பெட்டிகளைத் தோட்டங்களில் கொண்டுபோய் வைப்பார்கள்.

1991, 1992-ம் ஆண்டுகளில் பெரிய இடி விழுந்தது. தேனீப் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. ஏராளமான பெட்டிகள் காலியாயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தேனீ வளர்ப்போர் மறுபடியும் தலையெடுத்தார்கள்.

பெயருக்கு வந்த மதிப்பு

2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்த் தேனை இந்தப் பெயரில் விற்பது இனிக் குற்றம்.

ஆனால் பெயர் மட்டும் தேனை விற்றுத் தராது. இன்றைய உணவுச் சட்டப்படி தேனில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் மிகுந்தால் தேன் புளிக்கும். புட்டியில் எடையும் தேதியும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி எண்ணும் இருக்க வேண்டும். இவற்றை யார் சொல்லிக்கொடுப்பது?

திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தருவது இத்தகைய நிலையங்களின் கடமை. அங்கே பயிற்சி பெறப் போகிறவர்கள் நான்கு கேள்விகளையாவது கேட்டு வர வேண்டும். இதை யார் வாங்குவார்? எந்தத் தரத்தில் கேட்பார்? அந்தத் தரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? ஒருவருக்குக் கட்டுப்படியாகாத வண்டிச் சத்தத்தை எத்தனை பேர் சேர்ந்தால் கொடுக்க முடியும்?

இந்த நான்குக்கும் பதில் தெரிந்த ஊழியர் ஊருக்கு வந்தால், நாலு கோழி வைத்திருக்கும் அம்மாளும் தன் முட்டைக்குத் தானே விலை சொல்லலாம்.