பாதியில் நின்ற மாத்திரை

ரத்த அழுத்தம் 130/80 என்று வந்ததுமே பல முதியவர்கள் தாங்களாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "குணமாகிவிட்டது." மறுநாள் முதல் மாத்திரைக்கு விடுப்பு. டாக்டருக்குத் தகவல் போவதில்லை. பல நேரங்களில் வீட்டாருக்கும் தெரிவதில்லை.

மாத்திரை சாப்பிடுவதால்தான் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது. நிறுத்திய உடனே உடம்பு எதையும் காட்டிக்கொள்வதில்லை. பல வாரங்கள் கழித்து அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே ஏறிவிடுகிறது. சிலருக்கு அது தெரியவருவதே பக்கவாதம் வந்த பிறகுதான்.

நிறுத்துகிறவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். எனலாபிரில் வறட்டு இருமலைத் தரும். பென்ஷன் பணத்தில் மாதாமாதம் மருந்துச் செலவும் கடிக்கிறது. "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயம் வேறு. உண்மையில் கட்டுப்படாத ரத்த அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

சில மருந்துகளைத் திடீரென்று விடுவதே ஆபத்து. அடினலால், மெட்டோபிரலால் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் இதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலி, ஏன், மாரடைப்பே வரலாம். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளை உரிய காலத்துக்கு முன் கைவிட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படக்கூடும்.

அதற்காக எல்லா மாத்திரையும் ஆயுள் தண்டனை அல்ல. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,000-க்கும் அதிகமான முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தினசரி ஆஸ்பிரின் அவர்களுக்கு இதய நோயைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் அதிகமாக்கியது. ஆனால் ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. எழுந்து நின்றால் தலைசுற்றி விழுகிற முதியவருக்கு அளவைக் குறைப்பதும் சரியான வைத்தியமே. யாருக்கு எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

அரசும் விழித்துக்கொண்டிருக்கிறது. 2018-இல் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரா ஆகிய மாநிலங்களில் சில மாவட்டங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், ஒரே தடவையில் 30 நாள் மருந்து தருவதும், வராமல்போன நோயாளிகளைத் தேடிப்பிடிப்பதும் முக்கிய அம்சங்கள். மக்கள் மருந்தகங்களில் இதே மருந்துகள் மலிவாகவும் கிடைக்கின்றன.

இருமலோ வீக்கமோ இருந்தால் மாற்று மருந்து உண்டு. பணம் இடித்தால் விலை குறைந்த மருந்து உண்டு. டாக்டரிடம் வாய்திறந்து கேட்டால் போதும். கேட்காமல் நிறுத்தினால் மிச்சமாவது சில நூறு ரூபாய். பக்கவாதம் வந்தால், அது ஒரு வாரச் செலவுக்குக்கூடக் காணாது.