வகுப்பறைக் காற்றுக்கு யார் பொறுப்பு?

கொரோனாவால் பத்து மாதம் பூட்டிக் கிடந்த தமிழகப் பள்ளிகள் 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், வாரத்தில் ஆறு நாள் பாடம், நுழைவாயிலில் வெப்பமானி, கைகழுவ கிருமிநாசினி, பிள்ளைகளுக்கு வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் என ஏற்பாடுகள் நடந்தன. எல்லாம் தேவையானவைதான். ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து பிடித்து மரக்காணம், வானூர், செஞ்சி பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போன ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி கிடைக்கவில்லை. மூன்று நாள் முன்புதான் நாட்டில் தடுப்பூசிப் பணி தொடங்கியிருந்தது. முதல் வரிசையில் மருத்துவப் பணியாளர்களும் முன்களப் பணியாளர்களும் நின்றார்கள். அந்தப் பட்டியலில் ஆசிரியர் இல்லை. வயது வரிசையில் 45 கடந்த எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதலும், இளையவர்களுக்கு மே 1 முதலும்தான் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. அதற்குள் தொற்று மீண்டும் ஏறி, மார்ச் 22 முதல் பத்தாம் வகுப்பும், இடையில் திறந்த 9, 11ஆம் வகுப்புகளும் மூடப்பட்டன. அடுத்து ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். வாக்குச்சாவடிப் பணியில் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

ஒரு பணியிடத்தில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவும் நோய். வாய் திறந்து உரக்கப் பேசுகிறவரின் மூச்சிலிருந்து நுண்துளிகள் அதிகம் வெளியேறும். ஆசிரியரின் வேலையே உரக்கப் பேசுவதுதான். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். 'ழ'கரத்துக்கு நாக்கு எப்படி மடிகிறது என்று காட்ட வேண்டுமென்றால் தமிழாசிரியர் முகக்கவசத்தை இறக்கியே ஆக வேண்டும். வாசலில் காய்ச்சல் பார்ப்பதும் பெஞ்சைத் துடைப்பதும் இந்த ஆபத்தை அதிகம் குறைக்காது.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்தது இது. தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் மூக்கடைப்பும் சோர்வுமாக இரண்டு நாள் பணிக்கு வந்தார். ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டார். சத்தமாகப் படித்துக் காட்டும்போது மட்டும் முகக்கவசத்தைக் கழற்றினார். 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. முன்னிரண்டு வரிசையில் இருந்த 10 பேரில் 8 பேருக்கு வந்தது. இத்தனைக்கும் அங்கே ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்று வடிகட்டியும் ஓடியது. ஆசிரியரின் பாதுகாப்பையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் சட்டம் என்ன சொன்னது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது. நெரிசலைத் தடுக்க, ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றும் வரையறுத்தது. 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் உள்ள ஒரு வகுப்பறையை இந்தக் கணக்கில் வைத்தால் ஏழு பேர்தான் உட்காரலாம். 25 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருந்தால் ஆளுக்கு நான்கரை கன மீட்டர்கூடத் தேறாது. அந்தச் சட்டம் பள்ளிக்குப் பொருந்தவில்லை. தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆலைக்கு ஆய்வாளர் வருவார். வகுப்பறையின் காற்றைப் பார்க்க எவரும் வருவதில்லை.

ஆசிரியர் பணியின் ஆபத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததன் விலையை உத்தரப் பிரதேசம் காட்டியது. 2021 ஏப்ரலில் அங்கு நடந்த பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்குப் பின் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 1,621 பேர் இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் ஏற்றது மூன்று பேரை. வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை நேர்ந்தால்தான் பணிக்கால மரணம் என்பது அப்போதைய விதி. விபத்துக்கு எழுதிய விதி அது. தொற்றியபின் பத்து நாள் கழித்து உயிர்குடிக்கும் நோய்க்கு அது எப்படிப் பொருந்தும்? கண்டனத்துக்குப் பிறகு அந்தக் காலவரையறை 30 நாளாக்கப்பட்டது.

நல்லதும் நடந்தது. ஆசிரியர் தினத்துக்குள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஊசி போட, ஆகஸ்டில் மத்திய அரசு இரண்டு கோடி டோஸ்கள் கூடுதலாக ஒதுக்கியது. அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். மாலை நேரம், தன்னார்வலர் ஒருவருக்கு 20 பிள்ளைகள், வீட்டருகே வகுப்பு. கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம்தான். ஆனாலும் சிறு கூட்டமாக நடத்தும் அந்த முறை தொற்றுக்காலத்துக்கும் ஏற்றது. திறந்த வெளியில் நடத்தினால் இன்னும் நல்லது. வேப்ப மரத்தடியில் பாடம் நடத்துவது நம் ஊருக்குப் புதிதா என்ன?

அடுத்த தொற்றுக்கு முன் பள்ளிகளில் செய்யக்கூடியவை எளியவை. நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் லாரி இரைச்சலுக்கும் புழுதிக்கும் சாத்திவைத்த ஜன்னல்களில் எதிரெதிர் இரண்டையாவது திறக்க வேண்டும். மின்விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர மாற்றாது. துணிக் கவசத்துக்குப் பதில் என்95 தர வேண்டும். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி இருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளத்தோடு காய்ச்சல் விடுப்பு. தற்காலிக ஆசிரியருக்கும் தனியார் பள்ளி ஆசிரியைக்கும் ஒருநாள் விடுப்பு என்பது பல இடங்களில் ஒருநாள் சம்பள இழப்பு. அதனால்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறார்கள். அந்த விடுப்பை அவர்களுக்கும் சேர்த்து அரசாணையாக எழுதித் தர வேண்டும்.