கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம்

இணையச் சந்தை ஒன்றில் தேநீர் வடிகட்டி ஒன்றைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக வந்தவற்றுள் ஒன்று உங்களுக்குப் பிடித்துப் போகிறது. அதைத் தொட்டதும் அந்த வடிகட்டிக்கென்றே அமைந்த தனிப்பக்கம் திறக்கிறது. படம், விலை, அளவு, முன்பு வாங்கியவர்களின் கருத்து எல்லாம் அதில் இருக்கின்றன. சற்றுக் கீழே பாருங்கள். வேறு ஐந்தாறு வடிகட்டிகள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. ஓரத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய சிறிய எழுத்தில், 'விளம்பரம்' என்ற சொல் காணப்படும்.

வாங்க வந்தவருக்கு இது ஒரு பொருட்டன்று. விற்பவருக்கோ தீராத எரிச்சல். அமெரிக்காவில் அமேசான், ஈபே போன்ற சந்தைகளில் விற்கும் சிறு வணிகர்களின் நெடுநாள் குறை இது. 'படம் எடுத்தவன் நான். விவரம் எழுதியவன் நான். தரகு கொடுப்பவனும் நான். என் பொருளைப் பார்க்க வந்தவரிடம் என் போட்டியாளனின் சரக்கைக் காட்டுவது என்ன நியாயம்?' என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை காண வேண்டுமானால் அந்த விளம்பரம் அங்கே எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குள் சிறிது கணிதமும், சுவையான சில சோதனைகளும் அடங்கியுள்ளன.

பக்கம் யாருடையது?

நம் ஊர் வாரச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் விற்பவர் தம் இடத்திற்குரிய சுங்கத்தைக் கொடுத்துவிட்டால், அன்று மாலை வரை அந்த நான்கடி நிலம் அவருடையது. அவருடைய கூடைக்கு முன்னால் இன்னொருவர் வந்து கூடையை இறக்கினால் சண்டை வந்துவிடும். இணையச் சந்தை அத்தகையதன்று. அமேசான் 1995ஆம் ஆண்டில் புத்தகக் கடையாகத் தொடங்கியது; 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளி வணிகர்களுக்கும் இடம் கொடுத்தது. இன்று அங்கே விற்பனையாகும் பொருள்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு இத்தகைய வெளி வணிகர்களுடையவை. பெரும்பாலான பொருள்களுக்கு அமெரிக்காவில் அவர்கள் கொடுக்கும் தரகு, விற்பனை விலையில் 15 விழுக்காடு. இந்தத் தரகு விற்பனைக்கு உரியதே தவிர, இடத்துக்கான வாடகை அன்று. ஒரே பொருளைப் பத்துப் பேர் விற்றாலும் அமேசானில் அதற்கு ஒரே பக்கந்தான். ஆகவே பக்கம் சந்தைக்காரருடையது. வணிகர் அதில் தம் சரக்கை வைத்திருக்கிறார், அவ்வளவே.

பக்கத்தில் எஞ்சியுள்ள காலியிடங்களைச் சந்தைக்காரர் தனியே விற்கிறார். அமேசானில் வணிகர்கள் பணம் கொடுத்துத் தம் பொருளை முன்னிறுத்தும் இம்முறை 2012ஆம் ஆண்டில் தொடங்கியது. எல்லா வகை விளம்பரங்களாலும் அந்நிறுவனம் ஈட்டிய தொகை 2021இல் ஏறத்தாழ 3,100 கோடி டாலர். 2024இல் 5,600 கோடி டாலர். காலியிடம் என்று நாம் சொல்வதன் விலை இது!

ஒரு நொடிக்குள் நடப்பது

நீங்கள் பக்கத்தைத் தொடுவதற்கும் அது திரையில் விரிவதற்கும் இடையே ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏலம் கேட்பவர் எவரும் அங்கே இல்லை. வணிகர்கள் தம் விருப்பத்தை முன்னரே கணிப்பொறியிடம் எழுதி வைத்திருக்கிறார்கள். 'இன்ன வடிகட்டியின் பக்கத்தில் என் வடிகட்டியைக் காட்டு. அதை ஒருவர் தொட்டால் 40 சென்ட் வரை கொடுப்பேன். நாள் ஒன்றுக்கு 20 டாலருக்கு மேல் போகாதே' என்பது போன்ற கட்டளைகள் அவை. போட்டியாளரின் பொருளைப் பெயர் குறிப்பிட்டே இலக்காக வைக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

இத்தகைய ஏலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1998ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பில் கிராஸ் என்பவர் தொடங்கிய 'கோடூ' என்னும் தேடு நிறுவனம், தேடலில் மேலிடத்தை ஏலத்தில் விட்டது. அங்கே கேட்ட தொகையை அப்படியே செலுத்த வேண்டும். விளைவு என்ன ஆயிற்று? ஒருவர் 30 சென்ட் கேட்டால் மற்றவர் 31 கேட்டார். அவர் 32 கேட்டார். இப்படி ஏறிக்கொண்டே போய், இனிக் கட்டாது என்ற நிலையில் ஒருவர் சட்டெனக் கீழிறங்குவார். மேலே இருப்பவரும் உடனே இறங்கிவிடுவார். பிறகு மீண்டும் ஏற்றம். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வித் தொகைகளை வரைபடமாக வரைந்தபோது, நம் ஆய்வுக்கூட அலைகாட்டியில் தோன்றுமே, அந்த ரம்பப்பல் வடிவம் அச்சாகக் கிடைத்தது.

இதற்கு மாற்று 1961ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் விக்ரி ஒரு முறையை ஆராய்ந்து எழுதினார். எல்லோரும் மூடிய உறையில் தொகையை எழுதித் தர வேண்டும். அதிகம் கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் செலுத்த வேண்டியது இரண்டாமவர் கேட்ட தொகை. அப்படியானால் ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள மதிப்பையே எழுதிவிடலாம். குறைத்து எழுதி ஆதாயம் இல்லை. விக்ரிக்கு 1996இல் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். 2002ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம், தன் விளம்பரங்களில் 'அடுத்தவரின் தொகைக்கேற்பச் செலுத்துதல்' என்ற முறையைக் கையாண்டது. ரம்பப்பல் அடங்கியது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. தொகையை மட்டும் பார்த்தால் போதாது. எவரும் தொடாத விளம்பரத்துக்கு எவ்வளவு கேட்டாலும் சந்தைக்காரருக்கு வருமானம் சுழிதான். எனவே தொகையை, அந்த விளம்பரம் தொடப்படும் நிகழ்தகவால் பெருக்குகிறார்கள். சந்தைகள் தங்கள் முழுச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை, அடிப்படை இதுவே. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முருகன், வேலன், கந்தன் என்று மூவர். முருகன் 50 சென்ட் கேட்கிறார்; அவர் விளம்பரத்தை 1,000 பேருக்குக் காட்டினால் 20 பேர் தொடுவார்கள். பெருக்கினால் 10 டாலர். வேலன் கேட்பது 40 சென்ட், தொடுபவர் 30 பேர், 12 டாலர். கந்தன் கேட்பது 30 சென்ட், தொடுபவர் 20 பேர், 6 டாலர். ஆகவே குறைவாகக் கேட்ட வேலனே வெல்கிறார்! அவர் செலுத்துவது எவ்வளவு? முருகனின் 10 டாலரைத் தாண்டினால் போதும். 10 டாலரை 30ஆல் வகுத்தால் 33 சென்டுக்குச் சற்று அதிகம். 34 என்று கொள்வோம்.

ஏலம் நடத்துபவர் நேர்மையாக இருந்தால்தான் மூடிய உறைக்குப் பொருள் உண்டு. 1797ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கோதே தம் காவியம் ஒன்றை இப்படித்தான் விற்க முயன்றார். தாம் வேண்டும் விலையை உறையிலிட்டு ஒரு நடுவரிடம் கொடுத்தார். பதிப்பாளர் அதைவிடக் குறைவாகக் கேட்டால் விற்பனை இல்லை. கூடுதலாகக் கேட்டால் உறையிலுள்ள விலையே போதும். உறையில் இருந்தது 1,000 தாலர் என்னும் வெள்ளிக் காசு. பதிப்பாளர் கேட்டதும் மிகச் சரியாக 1,000! நடுவர் இரகசியத்தைக் கசியவிட்டிருந்தார். பதிப்பாளர் தம்மை எவ்வளவு மதிக்கிறார் என்று அறிய விரும்பிய கவிஞர் அதை அறியாமலே போனார். இணையச் சந்தையில் எல்லா உறைகளையும் பிரித்துப் பார்ப்பவர் ஏலதாரர் ஒருவரே. அமேசானைப் போல அவரே சொந்தச் சரக்கும் விற்பவராக இருந்தால், வணிகர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை.

இருவரும் சிக்கும் பொறி

போட்டியாளர் செய்வது அடாவடி என்றே பாதிக்கப்பட்டவர் நினைக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது.

வேலன், முருகன் இருவருடைய பக்கங்களுக்கும் மாதம் 10,000 பேர் வருகிறார்கள். அவர்களுள் 1,000 பேர் வாங்குகிறார்கள். வடிகட்டி ஒன்றுக்கு இலாபம் 6 டாலர். இருவரும் சும்மா இருந்தால் ஆளுக்கு 6,000 டாலர் இலாபம். இப்போது வேலன் மட்டும் முருகனின் பக்கத்தில் விளம்பரம் செய்கிறார். 300 பேர் தொடுகிறார்கள். அவர்களுள் 30 பேர் முருகனிடம் வாங்கியிருக்க வேண்டியவர்கள், வேலனிடம் வாங்குகிறார்கள். வேலனுக்கு 180 டாலர் வரவு. 300 தொடுதலுக்கு 34 சென்ட் வீதம் 102 டாலர் செலவு. அவர் இலாபம் 6,078 ஆகிறது. முருகனுடையது 5,820 ஆகக் குறைகிறது. முருகனும் பதிலுக்கு அதையே செய்தால்? இழந்த 30 பேருக்கு ஈடாக 30 பேர் வந்துவிடுவார்கள். விளம்பரச் செலவு மட்டும் மீதி. இருவருக்கும் 5,898 டாலர். 204 டாலர் சந்தைக்காரரின் பெட்டிக்குப் போயிற்று. விற்ற வடிகட்டிகளின் எண்ணிக்கையோ பழையபடி 2,000தான்.

இருவரும் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்த முடியாது. மற்றவர் விளம்பரம் செய்யாவிட்டால் நான் செய்வது இலாபம் (6,000க்குப் பதில் 6,078). மற்றவர் செய்தாலும் நான் செய்வதே மேல் (5,820க்குப் பதில் 5,898). எப்படிப் பார்த்தாலும் செய்வதே அறிவுடைமை. அறிவுடைய இருவரும் சேர்ந்து நட்டமடைகிறார்கள். 1950ஆம் ஆண்டில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் வகுத்த இப்புதிருக்கு, ஆல்பர்ட் டக்கர் என்பவர் இரண்டு கைதிகளின் கதையைப் பொருத்தினார். அதனால் 'கைதிகளின் இக்கட்டு' என்ற பெயர் நிலைத்தது. நான் இரண்டே வணிகரை வைத்துக் கணக்குப் போட்டேன். உண்மைப் பக்கத்தில் பலர் முண்டியடிக்கிறார்கள்.

முருகனுக்கு இன்னொரு வழி உண்டு. தம் பக்கத்திலுள்ள விளம்பர இடத்தைத் தாமே ஏலத்தில் எடுத்து, தம்முடைய வேறு பொருளை அங்கே நிறுத்தலாம். தன் வீட்டுத் திண்ணையில் பிறர் அமராதிருக்கத் தானே வாடகை கட்டுவதைப் போன்றது இது. வணிகர்கள் மிகவும் கசப்போடு பேசுவது இச்செலவைப் பற்றித்தான். இது வீண் செலவா?

இதற்குச் சோதனை வழியே விடை தேடியிருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் ஈபே நிறுவனமே, தேடுபொறிகளில் தன் பெயருக்காகத் தான் கொடுத்துவந்த விளம்பரத்தைச் சோதித்தது. யாகூ, மைக்ரோசாஃப்ட் தேடுபொறிகளில் அதை நிறுத்தியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூகுளில் மட்டும் தொடர்ந்தது. விளம்பரத்தின் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 விழுக்காட்டினர் பக்கத்திலிருந்த இலவச இணைப்பைத் தொட்டு வந்து சேர்ந்தார்கள்! 'ஈபே' என்று எழுதித் தேடியவர் எப்படியும் ஈபேக்கு வரப்போகிறவர்தானே.

இத்தோடு நின்றால் காவல் விளம்பரம் வீண் என்றே முடிவு கட்டிவிடலாம். ஆனால் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் ஆயிரக்கணக்கான நிறுவனப் பெயர்களை வைத்துச் சோதித்தது. போட்டியாளர் எவரும் விளம்பரம் செய்யாதபோது, தன் பெயருக்குத் தானே செய்யும் விளம்பரத்தால் விளைந்த பயன் மிகச் சிறிது. போட்டியாளர்கள் விளம்பரம் செய்து, பெயருக்குரியவர் செய்யாதிருந்தால், அவருக்கு வர வேண்டிய தொடுதல்களில் 18 முதல் 42 விழுக்காடு வரை அவர்களிடம் போயிற்று. அதாவது, காவலுக்குத் தேவையை உண்டாக்குவது எதிராளியின் வரவே. தேடுபொறியில் கண்ட இந்த எண்களைச் சந்தைப் பக்கத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. போக்கு ஒன்றே என்று கொள்ளலாம்.

புதிய வணிகரின் பக்கம் நின்றும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நேற்றுக் கடை திறந்தவருக்கு வாங்கியவர்களின் கருத்து ஒன்றும் இராது. விளம்பரம் இல்லையேல் பட்டியலின் இருபதாம் பக்கத்தில் கிடப்பார். அவருக்கு இந்த ஏலமே வாசல். என் மனக்குறை வேறு. வேலனின் 34 சென்டைத் தீர்மானித்தது முருகனின் ஆத்திரந்தான். தேநீர் குடிப்பவருக்கு எது நல்ல வடிகட்டி என்ற கேள்வி கணக்கில் எங்குமே வரவில்லை.

வழக்குகள்

நீதிமன்றங்களுக்கும் இது போயிற்று. தம் வணிகப் பெயரைத் தேடியவருக்கு அமேசான் வேறு நிறுவனங்களின் கடிகாரங்களைக் காட்டுவதாக அமெரிக்கக் கடிகார நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2015 ஜூலையில் அந்நிறுவனத்துக்குச் சார்பாகப் பேசிய அதே மேல்முறையீட்டு அமர்வு, அக்டோபரில் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. யாருடைய பொருள் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் வாங்குபவர் குழம்பமாட்டார் என்பது அதன் முடிவு. நம் நாட்டில் கூகுள் விளம்பரம் பற்றிய ஒரு வழக்கில் 2023 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றமும் குழப்பத்தையே உரைகல்லாகக் கொண்டது: பிறர் பெயரை விளம்பரத்துக்குத் தூண்டுசொல்லாக வைப்பது மட்டும் மீறலாகிவிடாது, அதனால் மக்கள் ஏமாற நேர்ந்தால் மீறலாகும்.

2023 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், 17 மாநிலங்களோடு சேர்ந்து, அமேசான் மீது சியாட்டிலில் வழக்குத் தொடர்ந்தது. தரகு, கிடங்குக் கட்டணம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து வணிகர் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்குகின்றன என்பதும், பொருத்தமற்ற விளம்பரங்கள் தேடலைக் கெடுக்கின்றன என்பதும் அதில் உள்ள குற்றச்சாட்டுகள். அமேசான் இவற்றை மறுக்கிறது.

மாணவர்கள் இந்த ஏலத்தைத் தாங்களே கவனிக்கலாம். ஏதேனும் ஒரு பொருளின் பக்கத்தைக் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை திறந்து, 'விளம்பரம்' என்ற குறியுடன் நிற்கும் பொருள்களைக் குறித்து வாருங்கள். எதையும் தொட வேண்டாம்; ஒவ்வொரு தொடுதலுக்கும் எங்கோ ஒரு வணிகர் காசு கொடுக்கிறார். காலையில் முதலிடத்தில் நின்ற பொருளை இரவில் காணாவிட்டால், அவருடைய அன்றைய 20 டாலர் தீர்ந்துபோயிருக்கலாம்.