கம்பியில் கரையும் வோல்ட்டுகள்

கூரையில் பொருத்திய வைஃபை பெட்டிகள் பலவற்றுக்குத் தனி மின்இணைப்பு இருப்பதில்லை. செய்தி வரும் ஈதர்நெட் கம்பியிலேயே மின்சாரமும் வருகிறது. இதற்கான முதல் தரவரையறை 2003-இல் வெளியாயிற்று.

எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தம் பாய்வதில்லை. சுவிட்ச் முதலில் சிறு மின்னழுத்தம் செலுத்தி, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை உள்ளதா எனச் சோதிக்கும். கம்பி அறுந்திருந்தால் இச்சோதனை தோற்கும், பெட்டி உயிர்பெறாது.

பலர் பயன்படுத்தும்போது மட்டும் பெட்டி அணைந்து அணைந்து எரிகிறதா? ஓம் விதியைக் கேளுங்கள். அந்த வரையறைப்படி சுவிட்ச் தரவேண்டியது குறைந்தது 44 வோல்ட். மின்னோட்டம் அதிகபட்சம் 0.35 ஆம்பியர், 100 மீட்டர் கம்பிக்கு அனுமதித்த மின்தடை 20 ஓம். 0.35 × 20 = 7. ஆக, 7 வோல்ட் கம்பியிலேயே வீழ்ந்து, பெட்டிக்கு 37 வோல்ட்தான் எட்டும். 15.4 வாட்டில் 2.45 வாட் வெப்பமாகிவிடும்.

மலிவென்று வாங்கிய, தாமிரம் பூசிய மெல்லிய அலுமினியக் கம்பியோ, தளர்ந்த இணைப்போ இருந்தால் மின்தடை 20 ஓமையும் தாண்டலாம். மின்னோட்டம் கூடும்போது பெட்டி தள்ளாடும்.

சோதனை எளிது. அதே பெட்டியைச் சுவிட்சின் அருகிலேயே 2 மீட்டர் நல்ல கம்பியில் இணைத்து, பலரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒழுங்காக இயங்கினால் குற்றவாளி கம்பியே. புதுப் பெட்டி வாங்கும் செலவு மிச்சம்!